நான்கு பருவமும் தாங்கும் பயண டிரெய்லர்: ஆறு பேருக்கு எது பொருந்தும்?

பனிக்காடு (பாரி, ஒன்ராறியோ)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளையை வரும் மார்ச் மாதம் எதிர்பார்க்கிறோம். ஓகஸ்ட் மாதத்திலிருந்து என் அம்மாவும் எங்களோடு வசிக்கிறார். நான்கு கோடைகளாக ஒரு மடிப்புக் கூடார டிரெய்லரில் ஒன்ராறியோ பூங்காக்களைச் சுற்றி வந்தோம். இனி அது எங்களுக்குப் போதாது. சென்ற மாசியில் அல்கொன்குயின் பூங்காவுக்கு ஒரு நாள் பயணமாகப் போனபோது, பிள்ளைகள் பனியை விட்டு வர மறுத்து அழுததைப் பார்த்த பிறகு, குளிர்காலத்திலும் தங்கக்கூடிய ஒரு டிரெய்லரை வாங்குவது என்று முடிவு செய்தோம்.

மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, இந்தியானா மாநிலத்தில் தயாரான, அடுக்குக் கட்டில்களும் ஒரு ஸ்லைடும் (நிறுத்திய பிறகு வெளியே தள்ளி உள்ளிடத்தைப் பெருக்கும் பகுதி) உள்ள ஒன்பது மீற்றர் நீள டிரெய்லர். 'நான்கு பருவப் பொதி' என்று விற்பனையாளர் எழுதி ஒட்டியிருக்கிறார்; பொருட்கள் ஏற்றினால் ஏறக்குறைய 3,300 கிலோ வரும். இரண்டாவது, ஒரிகன் மாநிலத்தின் லா கிராண்ட் நகரில் கட்டப்பட்ட, அதைவிடக் கனமான பழைய டிரெய்லர். மூன்றாவது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆம்ஸ்ட்ராங்கில் செய்யப்படும் பிக்ஃபுட். கண்ணாடியிழை உடல் கொண்டது, சிறியது. எங்களிடம் இருப்பது ஐந்து இருக்கைகள் கொண்ட அரை டன் பிக்கப் (முழு அளவு பிக்கப்களில் இலகுவான வகுப்பு). அனுபவமுள்ளவர்கள் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வடவை (கல்கரி, அல்பேட்டா)

தங்கைக்கு வணக்கம். ஏழு குளிர்காலங்களாகப் பனிக்குள் டிரெய்லர் இழுத்துப் போகிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். 'நான்கு பருவம்' என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் கட்டாயமான வரையறை எதுவும் இல்லை. ஒரு தயாரிப்பாளர் அடியில் ஒரு நெளிவுப் பிளாஸ்டிக் தகட்டை அடித்துவிட்டு அந்தச் சொல்லை ஒட்டலாம். இன்னொருவர் தொட்டி, குழாய், திறப்பான் (வால்வு) அனைத்தையும் சூடான அறைக்குள் வைத்துவிட்டு அதே சொல்லை ஒட்டலாம். 'பூஜ்யம் பாகை வரை சோதிக்கப்பட்டது' என்று சில விளம்பரங்கள் சொல்லும். அது பாரன்ஹீட் பூஜ்யம். நம் கணக்கில் மைனஸ் 18. எத்தனை மணி நேரம் சோதித்தார்கள், ஃபேர்னஸ் (புரோப்பேனில் எரியும் சூடாக்கி) இடைவிடாமல் எரிந்ததா, காற்று வீசியதா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

எல்லோரும் சுவரின் தடிப்பைக் கேட்கிறார்கள். ஆனால் வழக்கமான ஒன்றரை அங்குல டிரெய்லர்ச் சுவரின் ஆர் மதிப்பு (வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் திறனின் அளவு) 6 அல்லது 7 அளவில்தான் இருக்கும். இன்று ஒன்ராறியோவில் கட்டப்படும் வீட்டுச் சுவருக்கு அது 20ஐத் தாண்டும். ஒற்றைக் கண்ணாடி யன்னலின் மதிப்பு ஏறத்தாழ 1, இரட்டைக் கண்ணாடிக்கு 2. ஆகவே எந்த டிரெய்லரும் வீட்டைப் போல வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்காது. இழக்கும் வெப்பத்தை எரித்து ஈடு செய்கிறோம், அவ்வளவுதான். அந்த வெப்பம் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். மனிதர்களுக்கு முன்னால் உறைவது டிரெய்லரின் அடிவயிற்றில், அதாவது தரைக்கு அடியிலுள்ள மூடிய பகுதியில், இருக்கும் தண்ணீர்.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் பான்ஃப் பூங்காவின் டனல் மவுண்டன் முகாமில் தங்கினோம். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடம் அது. மின்சாரம் இட வாடகைக்குள் அடங்கியிருந்ததால், புரோப்பேனை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி 1,500 வாட் மின்சூடாக்கிகள் இரண்டை இரவு முழுவதும் ஓடவிட்டேன். உள்ளே 21 பாகை. எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். விடிந்தபோது ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. உள்ளே போதிய சூடு இருந்ததால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஃபேர்னஸை ஒருமுறைகூட எரியவிடவில்லை. அடிவயிற்றுக்குச் சூடான காற்றைக் கொண்டு போகும் குழாய் ஃபேர்னஸிலிருந்துதான் பிரிகிறது. அறை சூடாக இருந்ததே தண்ணீர் உறைந்ததற்குக் காரணமாகிவிட்டது. அன்று இரண்டு இணைப்புகள் வெடித்தன. இப்போது மின்சூடாக்கியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஃபேர்னஸ் மணிக்குச் சில தடவையாவது எரியும்படி பார்த்துக்கொள்கிறேன்.

புரோப்பேன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 30 இறாத்தல் சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 6,40,000 பிடியு (வெப்ப அலகு) இருக்கிறது. மணிக்கு 35,000 பிடியு எரிக்கும் ஃபேர்னஸ் இடைவிடாமல் ஓடினால் அது 18 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மைனஸ் 20இல் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு சிலிண்டர்களும் மூன்று நாளைக்குத்தான் வரும்.

திருகுபிடி (கிச்சினர், ஒன்ராறியோ)

டிரெய்லர் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், வடவை அண்ணா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். வாங்கப்போகும் வண்டியின் அடியில் ஒரு பழைய பாயைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். கழுவுநீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் உரிய திறப்பான்கள் மூடிய பகுதிக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே தொங்குகின்றனவா? வெளியே தொங்கினால், மேலே எவ்வளவு சூடு இருந்தாலும் முதலாவது கடுங்குளிர் இரவிலேயே அவை இறுகிவிடும். பிறகு விற்பனையாளரிடம் ஃபேர்னஸை எரியவிடச் சொல்லி, அடித்தகட்டின் ஓரமாக ஒரு சிறு துளை வழியே வெப்பமானிக் கம்பியை உள்ளே விட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். வெப்பநிலை ஏறினால் உள்ளே உண்மையாகவே காற்றுக்குழாய் இருக்கிறது. ஏறாவிட்டால் 'சூடாக்கப்பட்ட அடிப்பகுதி' என்று எழுதியிருப்பதில் பொருளில்லை. என்னிடம் வந்த வண்டி ஒன்றில் அந்தக் குழாய் உள்ளே கழன்று கிடந்தது. வாங்கியவர் மூன்று ஆண்டுகளாக அதை அறியாமல் ஓட்டியிருக்கிறார்.

தொட்டிகளுக்கு அடியில் ஒட்டும் மின்சூட்டுப் பட்டைகள் நல்லவைதான். ஆனால் அவையும் 12 வோல்ட் மின்கலத்தையே உறிஞ்சுகின்றன. ஃபேர்னஸ் விசிறிக்கே 7 அம்பியர் அளவில் வேண்டும். 100 அம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் சேதமில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால், மின் இணைப்பில்லாத இடத்தில் அது ஓர் இரவுக்கு மேல் தாங்காது. லித்தியம் மின்கலத்துக்கு மாறுவதானால் சூட்டு வசதி உள்ளதையே வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது.

சட்டகத்தைப் பற்றிப் பலரும் அலுமினியமே மேல் என்கிறார்கள். அது உக்காது என்பது உண்மை. ஆனால் அது குளிரை நன்றாகக் கடத்தும். உள்சுவரில் சட்டம் ஓடும் கோடுகளில் பனி பூத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரம் குளிரைக் குறைவாகக் கடத்தும், ஆனால் நீர் கசிந்தால் உக்கிவிடும். பிக்ஃபுட்டில் இரண்டு கண்ணாடியிழை ஓடுகள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன; கூரையில் தையல்கள் இல்லாததால் கசியும் இடங்கள் குறைவு. கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் அதையே சொல்வேன். ஆனால் ஆறு பேர் அதற்குள் எங்கே படுப்பீர்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம்பிறை (ஸ்காபரோ, ஒன்ராறியோ)

நான் நான்கு பிள்ளைகளின் தந்தை. டிரெய்லருக்குப் போகும் முன் உங்கள் பிக்கப்பைப் பற்றிக் கேட்கிறேன். அதில் ஐந்து இருக்கைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு நீங்கள் ஆறு பேர். ஒன்ராறியோவில் ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது, அது சட்டம். அம்மாவை எந்த இருக்கையில் அமர்த்தப் போகிறீர்கள்? அதோடு, பின்பக்கம் பார்க்கும் குழந்தை இருக்கை ஒன்றும் வேறு இரண்டு பிள்ளை இருக்கைகளும் பின்வரிசையில் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்பதை அளந்து பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். கதவு மூடவில்லை.

அடுத்தது பாரம். ஓட்டுநர் கதவின் பக்கத்தில் மஞ்சள் பட்டியுள்ள ஒட்டி ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அரை டன் பிக்கப் ஒன்றில் அது 720 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் 145, அம்மா 58, பிள்ளைகள் மூவரும் அவர்களின் இருக்கைகளும் 78, ஆகமொத்தம் 281. நிறைந்த டிரெய்லர் 3,300 கிலோ என்றால் அதன் எடையில் 10இலிருந்து 15 வீதம் வரை முன்கொக்கி வழியாகப் பிக்கப்பின் மேல் அமரும். 13 வீதம் என்றாலே 429. பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இணைப்புக் கருவி 40. கூட்டினால் 750. குழந்தை வண்டியும் குளிர்ப்பெட்டியும் ஏறுவதற்கு முன்பே வரம்பு கடந்துவிட்டது. 'இது 5,000 கிலோ இழுக்கும்' என்று விற்பனையாளர் சொல்வது பொய்யாக இராது. அவர் சொல்வது இழுவைத் திறன்; நான் சொல்வது சுமைத் திறன்.

ஜி வகுப்பு உரிமம் (ஒன்ராறியோவின் வழக்கமான கார் உரிமம்) இருந்தால் 4,600 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம் என்பதால் உரிமத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

பனிக்காடு

மூன்றாம்பிறை அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. அம்மா எங்களோடு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மூன்றாவது பிள்ளையை எண்ணி இருக்கைக் கணக்குப் போட்ட நாங்கள் அம்மாவைச் சேர்த்து எண்ணவில்லை. இன்று மாலை கதவைத் திறந்து ஒட்டியைப் பார்த்தோம்: 698 கிலோ. உங்கள் உதாரணத்தைவிடக் குறைவு. கணவரும் நானும் வெகுநேரம் பேசாமல் நின்றோம். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்பது எங்களுக்கு ஒரு வழியே அல்ல.

வடவை

கலங்க வேண்டாம். இங்கே பலர் செய்வதைச் சொல்கிறேன்: முக்கால் டன் பிக்கப்பில், முன்னால் இரு தனி இருக்கைகளுக்குப் பதிலாக நீள இருக்கை உள்ள நான்கு கதவு வகையைத் தேடுங்கள். ஆறு பேர் அமரலாம். பெற்றோல் இயந்திரம் உள்ளவற்றில் சுமைத் திறன் பெரும்பாலும் 1,000 கிலோவுக்கு மேல் இருக்கும். உங்கள் பட்டியலில் உள்ள லா கிராண்ட் வண்டிகளுக்கு எப்படியும் அந்த அளவு பிக்கப் வேண்டும். அங்கே தயாராகும் ஆர்க்டிக் ஃபாக்ஸும் அவுட்டோர்ஸ் ஆர்வியும் மலைப்பாதைக்கும் குளிருக்கும் என்றே கனமான அடிச்சட்டத்தில் கட்டப்படுபவை. இழுக்கும் வாகனத்தை முதலில் முடிவு செய்துவிட்டு டிரெய்லரைத் தேடுவதே சரியான ஒழுங்கு. மூன்று வரிசையுள்ள பெரிய எஸ்யூவியும் உண்டு. ஆனால் அதன் சுமைத் திறன் உங்கள் இப்போதைய பிக்கப்பைவிட அதிகம் வேறுபடாது. ஆகவே டிரெய்லரை இலகுவாக்க வேண்டிவரும்.

ஆற்றங்கரை (ஒட்டாவா)

எல்லோரும் இரும்பையும் எரிபொருளையும் பேசுகிறீர்கள். குசினியைப் பற்றி நான் பேசுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் டிரெய்லரை உக்க வைத்தது குளிர் அல்ல, ஈரம்.

மூடிய சிறு அறைக்குள் ஆறு பேர் இரவு முழுவதும் மூச்சு விடுகிறார்கள். அதற்கு மேல் நாம் சமைப்பது சோறு, புட்டு, இடியப்பம், எல்லாம் ஆவி. எரிவாயு அடுப்பு தன் பங்குக்கும் நீர் விடுகிறது: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளிவரும். ஃபேர்னஸின் புகை வெளியே போய்விடும், அடுப்பின் ஆவி உள்ளேயே நிற்கும். அது குளிர்ந்த மூலைகளைத் தேடிப் போய் நீராகிறது. எங்கள் வண்டியில் கீழ்க்கட்டிலின் மெத்தையைத் தை மாதத்தில் ஒருநாள் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது; அதன் மேல்தான் என் மகன் ஆறு வாரயிறுதிகள் தூங்கியிருந்தான். அவனுடைய இருமலுக்கு நான் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு செய்த மாற்றங்கள் இவை. மெத்தைகளுக்கு அடியில் காற்றோடும் சலாகைகளை இட்டோம். சோற்றை மின்குக்கரிலும் மற்றவற்றை இண்டக்ஷன் அடுப்பிலும் சமைக்கிறோம். அப்போது கூரை விசிறியையும் ஒரு யன்னலையும் சிறிது திறந்துவிடுகிறோம். குளிரில் யன்னலைத் திறப்பதா என்று அம்மா முதலில் கோபித்தார். கண்ணாடியில் நீர் வழிவது நின்றதும் அவரே திறக்கத் தொடங்கினார். 30 அம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான் கிடைக்கும் என்பதால், அடுப்பு ஓடும்போது மின்சூடாக்கியை நிறுத்த வேண்டும். எரிவாயு அடுப்பை ஒருபோதும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். அதனால் காபன் மொனொக்சைட்டு சேரும். எச்சரிக்கைக் கருவியின் காலாவதித் திகதி அதன் பின்புறத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது ஒருவரையும் தாண்டாமல், படி ஏறாமல் போகக்கூடிய படுக்கை எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டு மேசையை இரவில் கட்டிலாக்கி அவரை அதில் படுக்க வைப்பதை விற்பனையாளர் 'எட்டுப் பேர் உறங்கலாம்' என்ற கணக்கில் சேர்த்திருப்பார். முதியவருக்கு அது உகந்ததல்ல. காலையில் அவர் எழும்பும் வரை ஒருவரும் சாப்பிட உட்கார முடியாது. மேல்கட்டிலுக்கு எடை வரம்பு உண்டு என்பதையும் வாசியுங்கள். ஏழு வயது மகள் பதினான்காகும்போதும் அதில் நீட்டிப் படுக்க வேண்டுமே.

இலையுதிர் (லண்டன், ஒன்ராறியோ)

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று குளிர்கால வாரயிறுதிகளுக்காக இவ்வளவு கனமான டிரெய்லரும் அதை இழுக்கப் புதிய பிக்கப்பும் வேண்டுமா? உப்புத் தூவிய நெடுஞ்சாலையில், கைக்குழந்தையோடு, 3,500 கிலோவை இழுத்துக்கொண்டு போவதை எண்ணினால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று பருவ டிரெய்லரை வாங்கி, குளிர்காலத்தில் ஒரு சூடான குடிலை வாடகைக்கு எடுக்கலாமே.

வடவை

உங்கள் கவலை நியாயமானது. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை கடுங்குளிரில் போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நல்ல அடிப்பகுதியும் காப்பும் உள்ள வண்டி மாசிக்கு மட்டும் உரியதல்ல. ஏப்ரல் கடைசியிலும் ஒக்டோபரிலும் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். அந்த வாரங்களில் கவலையில்லாமல் தங்க முடிவதுதான் அதன் பெரிய பயன்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் அமைப்பை முழுவதும் வடித்து, குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு நிற புரொப்பிலீன் கிளைக்கோல் திரவத்தை ஏற்றிவிட்டு, டிரெய்லரைச் சூடான படுக்கையறையாக மட்டும் பயன்படுத்துவது. மோட்டார் வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நச்சு. அதை இதற்குத் தொடவே கூடாது. அல்கொன்குயினில் 60ஆம் நெடுஞ்சாலையோரம் உள்ள மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மின் இணைப்புள்ள இடங்களும் சூடான குளியலறைகளும் அங்கே உண்டு. குடிநீரைக் கொள்கலனில் கொண்டு போனால் போதும். உறையத் தண்ணீரே இல்லாதபோது பாதிப் பயம் போய்விடும்.

திருகுபிடி

அதோடு, ஸ்லைட் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதன் இறப்பர் ஓரங்களில் நீர் உறைந்தால், உள்ளே இழுக்கும்போது கிழியும். புறப்படும் நாளில் முதலில் அதன் கூரையில் உள்ள பனியை வாரித் தள்ளுங்கள்.

பனிக்காடு

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இந்தியானா வண்டியை விட்டுவிட்டோம். திருகுபிடி அண்ணா சொன்னபடி கணவர் அடியில் படுத்துப் பார்த்தார். இரண்டு திறப்பான்களும் வெளியே தொங்கின. ஃபேர்னஸ் இருபத்தைந்து நிமிடம் ஓடிய பிறகும் அடித்தகட்டுக்குள் வெப்பநிலை இரண்டு பாகைகூட ஏறவில்லை. 'பொதி' என்பது அந்தத் தகடு மட்டும்தான் என்று விற்பனையாளர் பிறகு ஒத்துக்கொண்டார்.

லா கிராண்ட் வண்டியில் அதே சோதனையில் அடிப்பகுதி 9 பாகையிலிருந்து 19க்கு ஏறியது. இரட்டைக் கண்ணாடி யன்னல்கள், ஒரே ஸ்லைட், பின்புறத்தில் அடுக்குக் கட்டில்கள். அவற்றுக்கு எதிரே கழிப்பறை என்பதால், கீழ்க்கட்டிலை அம்மாவுக்கு ஒதுக்கலாம். அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அதில் படுக்கச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு, 'காணும், போகலாம்' என்றார். மேலே மகள் படுப்பாள். மகனுக்கு இப்போதைக்கு மேசைக்கட்டில், குழந்தைக்கு எங்கள் கட்டிலோரம் ஒரு சிறு தொட்டில். டயர்களின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் அவை ஏழு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. புதிய டயர்களின் விலையைக் குறைத்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். கூரைமூலை ஒன்றில் ஈரமானி சற்று உயர்ந்த அளவைக் காட்டியது. இதை எவ்வளவு பாரதூரமாக எடுக்க வேண்டும்?

திருகுபிடி

மற்ற மூன்று மூலைகளின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால், உள்ளே அலுமாரியின் மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் வாங்க வேண்டாம். கெட்டியாக இருந்தால் கூரைப் பசையைச் சுரண்டிப் புதிதாக இட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு இறங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பனிக்காடு

கெட்டியாகத்தான் இருந்தது. பசையிட்டு முடித்துவிட்டார்கள்; வரும் சனிக்கிழமை மறுபடி அளக்கிறோம். முன் நீள இருக்கையுள்ள முக்கால் டன் பிக்கப் ஒன்றை ஒரில்லியாவில் பார்த்து வைத்திருக்கிறோம். ஒட்டியில் 1,290 கிலோ என்று இருக்கிறது. மூன்று பிள்ளை இருக்கைகளையும் கொண்டுபோய்ப் பின்வரிசையில் பூட்டி, கதவுகளை மூடிப் பார்த்தோம். மூடின.